தப்பொலிக்குக் கதகதப்பு தேவையா? எஸ்எஸ்எல் ஃபியூஷன்: ஒரு மதிப்பீடு

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து என்னும் கிராமியக் கூத்தின் தப்பு மேளமும் பாட்டும் இன்று கைக்கடக்கமான டிஜிட்டல் ரெக்கோர்டரிலோ கைப்பேசியிலோ பதிவாகிவிடுகின்றன. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை அங்குள்ள மக்களின் பாடல்களைத் திரட்டியபோது தாளில் தங்கியது சொல்தான். இப்போது குரலும் தங்குகிறது. அப்படிப் பதிந்ததைக் கேட்டவுடன் எழும் குறை ஒன்று உண்டு: சத்தம் வறண்டிருக்கிறது, பழைய பாட்டின் கதகதப்பு இல்லை. அதற்கு மருந்தாக விற்கப்படும் அனலொக் ஒலிப் பெட்டிகளில் ஒன்று, இங்கிலாந்தின் சொலிட் ஸ்டேட் லொஜிக் (எஸ்எஸ்எல்) நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஃபியூஷன். குரலுக்கு அது நன்மை செய்யும். தப்புக்கு அளந்தே கொடுக்க வேண்டும். மூலப் பதிவை அது தொடவே விடக்கூடாது.

பெட்டி செய்வது என்ன? 16 பிட் டிஜிட்டல் பதிவின் ஒலி வீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல். இரைச்சல் குறைப்பு இல்லாத காந்த நாடா பெரும்பாலும் 70ஐ எட்டாது. ஆகவே டிஜிட்டல் இழந்த எதையும் இந்தப் பெட்டி மீட்டுத் தருவதில்லை. இல்லாத ஒன்றைச் சேர்க்கிறது. ‘விண்டேஜ் டிரைவ்’ குமிழைத் திருப்பத் திருப்ப ஒலி அலையின் முனைகள் மழுங்கி, மூல சுரத்தின் இரு மடங்கிலும் மும்மடங்கிலும் புதிய அதிர்வுகள் பிறக்கின்றன. சங்கீதக் கணக்கில் சொன்னால், ஒன்று மேல் ஸட்ஜம், மற்றது அதற்கும் மேலே நிற்கும் பஞ்சமம். இரண்டும் பாடும் சுரத்துக்கு உறவு என்பதால் தனிக்குரல் பருத்து, அருகில் வந்து நிற்கிறது. ‘எச்எஃப் கொம்பிரஷர்’ சகரம் போன்ற உயர் அதிர்வு ஒலிகளின் கூர்மையை அமுக்குகிறது. தகரக் கூரையின் கீழ் பதிந்த குரலுக்கு இது பெரிய உதவி. கடைசியில் உள்ள ட்ரான்ஸ்போர்மர் அடிச்சுருதிக்கு அழுத்தம் தருகிறது. கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரால் ஆழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. ஆனாலும் அதன் மேல்மடங்கு அதிர்வுகள் கேட்டால் மனித மூளை அடியொலியைத் தானே ஊகித்துக்கொள்ளும். உறுமி மேளத்தின் முனகலைக் கைப்பேசியில் கேட்பவருக்குக் கொண்டுசேர்க்க இதைவிட நேரான வழி குறைவு.

தப்பிலோ கணக்கு மாறுகிறது. தோலின் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று முழு மடங்குகளில் அமைவதில்லை. அவற்றை இதே டிரைவுக்குள் செலுத்தினால் ஒவ்வொன்றும் மற்றதோடு கலந்து, எதற்கும் உறவில்லாத கூட்டல், கழித்தல் ஒலிகள் தோன்றும். கேட்பவருக்கு அது கலங்கல். இதைவிடப் பெரிய இழப்பு அடியின் முனையில். தீயில் காய்ச்சி முறுக்கேற்றிய தோலில் தடித்த குச்சியும் மெல்லிய நீண்ட குச்சியும் மாறி மாறி விழும் வேறுபாட்டில்தான் தப்பின் பேச்சு இருக்கிறது. பெட்டி மழுக்குவது அந்தக் கூர்மையைத்தான். கூட்டு வாசிப்பில் டிரைவ் விளக்கு பச்சையைத் தாண்டவிட வேண்டாம். மூலத்தோடு ஒப்பிடும்போது பெட்டியின் வெளியீட்டு அளவைக் குறைத்துச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். உரத்து ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும்.

இலங்கை வானொலியில் கேட்ட பழைய பாடல்களெல்லாம் நாடாவும் வால்வும் தந்த இனிமைதானே என்று கேட்கலாம். உண்மையில் ஒரு பகுதிதான். அக்கால ஒலிப்பதிவாளர்கள் இயன்ற அளவு சுத்தமான ஒலியைத்தான் தேடினார்கள். மத்திய அலை ஒலிபரப்பு உயர் அதிர்வுகளை வெட்டியது. வீட்டு வால்வு வானொலி மிச்சத்தை இளக்கியது. கதகதப்பின் பெரும்பங்கு கேட்கும் முனையில் சேர்ந்தது. மூல நாடாவில் பொறிக்கப்பட்டதல்ல. அதனால்தான் அதே பாடல்களை இன்று மறுபடி சுத்தமாக வெளியிட முடிகிறது. காமன் கூத்தின் மூலப் பதிவிலேயே டிரைவைக் கலந்துவிட்டால் நாளைக்கு யாராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

இதே வேலைக்கு மென்பொருளே போதாதா என்ற கேள்விக்கும் விடை நேரானது: தோட்டத்துக் கலைக்குழு ஒன்றுக்குப் போதும். பெட்டியின் உண்மையான பலம், குமிழில் கை வைத்தபடி காதால் முடிவெடுக்கும் வசதி. அதற்காக ஒலி டிஜிட்டலிலிருந்து அனலொக்குக்கும் திரும்ப டிஜிட்டலுக்கும் போய்வர வேண்டும். நல்ல மாற்றி இல்லாவிட்டால் அந்தப் பயணத்திலேயே இழப்பு.

தினமும் குரல் பதியும் கொழும்பு ஸ்டூடியோவுக்கு ஃபியூஷன் ஏற்றது. மலையகக் குழுவினரே, அந்தப் பெட்டிக்கான பணத்தில் முதலில் இரண்டு நல்ல மைக்குகளையும், காற்று மறைப்பையும், நம்பகமான ரெக்கோர்டரையும் வாங்குங்கள். 24 பிட்டில், உச்ச அளவு எல்லையைத் தொடாமல் பதியுங்கள். மூலக் கோப்பை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்திவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.