பொருளும் பொருளும்: அன்செல்ம் கீபரின் ஓவிய நெறி

தமிழிலே ‘பொருள்’ என்னும் சொல் கையால் தொட்டறியத்தக்க வஸ்துவையும் சொல்லின் கருத்தையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரண்டும் ஓவியத்தில் ஒன்றாதல் கூடுமோ என வினவுவோர், ஜேர்மானிய ஓவியர் அன்செல்ம் கீபரின் படைப்புக்களை நோக்குதல் நன்று.

இரண்டாம் உலகப்போர் முடிவுறுந் தறுவாயில், 1945 மார்ச்சில் பிறந்தவர் கீபர். அவர் வர்ணத்தோடு அமைந்தாரல்லர். வைக்கோல், சாம்பல், மண், அரக்கு, ஈயம் என்பவற்றையும் துணிமேற் சேர்த்தார். சில வேளைகளில் அவற்றைத் தீயாற் கருக்கினார். கொலோன் பேராலயக் கூரையிலிருந்து கழற்றப்பெற்ற பழைய ஈயத்தை விலைக்கு வாங்கியும் பயன்படுத்தினார். இவையெல்லாம் வெறும் புதுமை நாட்டத்தின் விளைவு என்பாருமுளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஆராய்வாம்.

1981இல் ஆக்கப்பெற்ற ‘மார்கரேட்டா’ என்னும் ஓவியம், வதைமுகாம் பற்றி யூதக் கவிஞர் போல் செலான் இயற்றிய கவிதையை அடியொற்றியது. அக்கவிதையிலே பொன்னிறக் கூந்தலுடைய மார்கரேட்டா என்னும் ஜேர்மானியப் பெண்ணும், சாம்பல் நிறக் கூந்தலுடைய சூலமித் என்னும் யூதப் பெண்ணும் எதிரெதிரே நிற்பர். கீபர் பொற்கூந்தலைத் தீட்டினாரல்லர். வைக்கோல் தாள்களை ஒட்டினார். அவற்றின் நுனியிலே தீக்கொழுந்துகள் தோன்றுகின்றன. வைக்கோல் எரிந்தால் எஞ்சுவது சாம்பல். எனவே ஒருத்தியின் கூந்தலுள்ளேயே மற்றவளின் கூந்தல் மறைந்து நிற்கின்றது. ஒரு நாடு போற்றிய அழகையும் அது இழைத்த கொடுமையையும் பிரித்துக் காணல் ஆகாது என்பதை அத்தாளே உரைக்கின்றது. மஞ்சள் வர்ணத்தால் இஃது இயலாது. கருப்பொருள் வாயிலாக வேறொரு கருத்தைப் புலப்படுத்தும் உள்ளுறையைத் தொல்காப்பியத்திற் பயின்ற மாணவர்க்கு இந்நெறி முற்றும் புதிதன்று.

கீபர்மீது குற்றங் காண்பதற்கும் இடமுண்டு. 1983இல் ஆக்கிய ‘சூலமித்’ ஓவியத்துக்கு, நாற்சி ஆட்சியிலே படைவீரர்க்கெனத் திட்டமிடப்பட்ட நினைவு மண்டபத்தையே அவர் மாதிரியாகக் கொண்டார். கண்டிக்க வந்தவர் கண்டிக்கப்படுவதன் பிரமாண்டத்தில் மயங்கினாரோ என ஐயுறல் இயல்பே. ஆயினும் அம்மண்டபத்தின் கோடியில் எரியும் ஏழு சிறு சுடர்கள் யூதரின் ஏழ்கிளை விளக்கை நினைவூட்டுகின்றன. கொன்றோரின் மண்டபம் கொல்லப்பட்டோரின் நினைவிடமாகின்றது. மேலும், வைக்கோல் உதிரும் இயல்பினது. என்றும் நிலைக்க விரும்பிய ஆட்சியின் கல்மண்டபத்தை நிலையாப் பொருள்கொண்டு அமைத்ததே அவ்வாட்சிமீது அவர் வழங்கிய தீர்ப்பாகும்.

இலையும் மணலும் ஒட்டிய ஓவியங்கள் இன்று பலவாகக் காணப்படுகின்றன. ‘இவற்றை அகற்றி வர்ணமே தீட்டினால் குறைவு யாது?’ என அவற்றை வினவுதல் வேண்டும். குறைவின்றெனின் அவை அலங்காரமே, பொருளாகா.