கால்கூறும் முக்கால்கூறும்: நன்னூல் பொதுப்பாயிரம் காட்டும் மாணாக்கர் பங்கேற்பு

முன்னுரை

ஆசிரியர் வினாத் தொடுத்தவுடன் வகுப்பில் நான்கைந்து கைகள் உயர்கின்றன. விடை கிடைத்ததும் பாடம் மேலே செல்கிறது. ஏனையோர் அறிந்தனரா என்பது தேர்வுவரை புலப்படுவதில்லை. எல்லா மாணவரையும் கற்றலில் ஈடுபடுத்துவது குறித்த விவாதங்களில் தமிழ் மரபின் சான்றாகப் பவணந்தி முனிவரின் நன்னூல் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய அந்நூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் ஆகியவற்றின் இயல்புகளை வரையறுக்கிறது. அதன் நூற்பாக்களைத் தனித்தனியே பிரித்தெடுத்தால் வெவ்வேறு வகுப்பறைகள் தோன்றுகின்றன. அவற்றை ஒருங்கு வைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓவியப் பாவையும் வினாவும்

பாடங்கேட்கும் முறையைக் கூறும் நூற்பா, மாணாக்கன் ஆசிரியன் குறிப்பறிந்து, இருக்கச் சொன்னபின் இருந்து, ஓவியப் பாவைபோல் அடங்கி, செவியே வாயாகவும் நெஞ்சே கொள்கலமாகவும் கேட்கவேண்டும் என்கிறது. இதை மட்டும் கொண்டால் அமைதியே நல்ல வகுப்பின் அடையாளம் என்றாகிவிடும். ஆனால் அதையடுத்து நூல் பயிலும் இயல்பைக் கூறும் நூற்பா, கேட்டவற்றைச் சிந்தித்தல், உடன்பயில்வோரொடு பழகுதல், வினவுதல், வினவியவற்றுக்கு விடைகூறுதல் ஆகியவற்றை மாணாக்கனின் கடமைகளாக அடுக்குகிறது. எனவே பாவையின் அடக்கம் கேட்கும் பொழுதுக்கு உரியது. கற்றல் முழுமைக்கும் உரியதன்று. முதல் நூற்பாவைப் போற்றி அடுத்ததை மறந்த வகுப்பறை, நன்னூலைப் பாதியளவே பின்பற்றுகிறது.

கற்றலின் கணக்கு

இவ்விரண்டிற்கும் உள்ள உறவைப் பொதுப்பாயிரமே ஒரு கணக்காக விளக்குகிறது. ஆசிரியன் உரைத்ததை நன்றாக மனங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கால்கூறே. உடன்கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு சேர்கிறது. எஞ்சிய இருகால் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறைகிறது. இது பாடவேளையைப் பங்கிடும் கணக்கன்று. புலமை வந்துசேரும் வழிகளின் மதிப்பீடு. விரிவுரை எவ்வளவு சிறந்ததாயினும் முக்கால்கூறு அதற்கு வெளியே உள்ளது என்பதே இதன் சாரம்.

இக்கணக்கை இன்றைய வகுப்பில் வைத்துப் பார்த்தால் கை உயர்த்தும் நான்கைந்து மாணவரின் நிலை வேறாகத் தோன்றுகிறது. அவர்கள் அறிந்ததை வெளிப்படுத்துவதோடு நில்லாமல், எடுத்துரைப்பதால் விளையும் இருகால் பயனையும் நாள்தோறும் பெறுகின்றனர். மற்றவர்க்குக் கால்கூறே மிஞ்சுகிறது. இடைவெளி இவ்வாறு பெருகுவதற்கு மாணவரின் திறன் வேறுபாடு மட்டும் காரணமன்று. பேசும் வாய்ப்பின் பங்கீடும் காரணமாகும். வினாவுக்குப் பின் சிறிது நேரம் காத்திருத்தல், ஒவ்வொருவரும் விடையை முதலில் எழுதுதல், அருகிலிருப்பவருக்கு விளக்குதல், அதன்பின் யாரையும் அழைத்துக் கேட்டல் ஆகிய எளிய நடைமுறைகள் இப்பங்கீட்டை மாற்றவல்லன. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இணையராகப் பேசும்போது ஒரே வேளையில் இருபது பேர் உரைப்போராகின்றனர். முறை மாறும்போது மற்ற இருபதின்மரும் அவ்வாய்ப்பைப் பெறுகின்றனர்.

வகைப்பாட்டின் வரம்பு

எனினும் நன்னூலை முழுமையான வழிகாட்டியாகக் கொள்ள இயலாது. அது மாணாக்கரை அன்னம், பசு எனத் தலையாகவும், மண், கிளி என இடையாகவும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனக் கடையாகவும் பிரிக்கிறது. மேலும் நோயாளி, மந்தன், துயில்வோன் முதலியோரைப் பாடம் சொல்லத் தகாதவர் வரிசையில் வைக்கிறது. மாணாக்கனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆசிரியனிடம் இருந்த சூழலின் விதி இது. 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அவ்விதிக்கு இடமில்லை. ஆயினும் ஒரு மாணவனை ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடப் பெயர் சொல்லி வினவாமல் விடுவது, அவ்விலக்கை அறிவிக்காமலே நடைமுறைப்படுத்துவதாகும்.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடக்க வகுப்பு மாணவரின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டது. எருமை அன்னமாவதில்லை, அரும்பு மலராகும். முன்னது இயல்பைச் சுட்டும் உவமை, பின்னது வளர்ச்சியைச் சுட்டும் உவமை. ஆனால் அரும்பு நிலையில் வைக்கப்பட்ட குழந்தை அங்கேயே நின்றுவிடின் அப்பெயரும் முத்திரையாகிவிடும்.

குறை மாணாக்கனிடம் மட்டும் இல்லை என்பதையும் பொதுப்பாயிரம் அறிந்தே இருக்கிறது. ஆசிரியராகத் தகாதவருக்கு அது கூறும் உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. நீர் வார்த்தவனுக்குப் பயன்படாமல் வேலிக்கு அப்பால் காய்களை உதிர்க்கும் வளைந்த தென்னை அது. எல்லாரும் வந்தமரும் வகுப்பில் சிலருக்கே பயன் சேருமாயின் அவ்வுவமை அங்கும் பொருந்தும்.

முடிவுரை

பொதுப்பாயிரத்தின் மாணாக்கர் வகைப்பாடு அதன் காலத்தோடு நிற்பது. கற்றற்கணக்கோ இன்றும் பயன்தருவது. அக்கணக்கு வகைப்பாட்டுக்குத் திருத்தமாகவும் அமைகிறது. கடை மாணாக்கர் எனப்படுவோர் முக்கால்கூறு மறுக்கப்பட்டவராகவும் இருக்கலாம். பயிலவும் உரைக்கவும் வாய்ப்பளிக்காத வகுப்பறை அவர்களது தகுதியை மதிப்பிட இயலாது. ஆகவே ஆசிரியர் பயிற்சியில் நன்னூல் இடம்பெறும்போது ஓவியப் பாவையின் அடக்கத்தோடு வினாவும் விடையும் உரைத்தலும் சேர்த்தே கற்பிக்கப்படல் வேண்டும்.