மார்கழியில் பூசும் வர்ணம்

பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்தின் புதிய நகர்களிலும் திண்டிவனத்தின் புறத்தெருக்களிலும் நடந்து செல்பவர், உத்தியோகஸ்தரும் ஆசிரியரும் கடைக்காரரும் பழைய லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நீண்ட கழியில் செருகிய ரோலரால் தத்தம் வீட்டு வெளிச்சுவருக்குத் தாமே வர்ணம் பூசும் காட்சியைச் சில வருஷங்களாகக் காணாதிருக்க முடியாது. இந்தப் புது மோகத்துக்கு ஒரு நியாயமும் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பாட்டனார் காலத்தில் போகிக்கு முன் வீட்டாரே மட்டை பிடித்துச் சுண்ணாம்பு அடித்தார்கள் அல்லவா, நடுவில் புகுந்த கூலிப் பழக்கத்தை விட்டு அவர்கள் வழிக்கே நாம் திரும்புகிறோம் என்பது அது. கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆனால் அந்த மூதாதையர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அவர்கள் எதிர்த்தரப்புக்கே சாட்சி சொல்வார்கள் என்பது என் நெடுநாளைய ஆக்ஷேபம்.

சாதகங்களை மறுப்பதற்கில்லை. வேலைச் செலவில் பெரும்பகுதி கூலி; அது மிச்சமாகிறது. சாரத்தின்மேல் ஏறி நின்று, விரிசல் எங்கே ஓடுகிறது, சன்ஷேடின் மேல் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒருமுறையாவது கண்ணால் கண்ட கிருகஸ்தன் தன் வீட்டை முன்னைவிட நன்றாக அறிகிறான். பண்டிகை நெருக்கத்தில் ஒரே சமயத்தில் மூன்று வீட்டு வேலையை ஒப்புக்கொண்டு, பிரைமரில் தாராளமாகத் தண்ணீரைக் கலந்து ஓட்டிவிட்டுப் போகும் மேஸ்திரிகள் இல்லையென்றும் நான் சொல்ல வரவில்லை. இவ்வளவும் ஒரு தட்டில் இருக்கட்டும்.

பாட்டனார் பூசிய பொருள் எது என்று ஆராய்ந்தால்தான் விஷயம் விளங்கும். கிளிஞ்சலையோ கல்லையோ சுட்டு நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது வச்சிரமும் வெண்மைக்குச் சிட்டிகை நீலமும் கலந்து அடித்தார்கள். அந்தச் சுண்ணாம்புக்கு ஈரம் விரோதியன்று. உலர்ந்த சுவரில் அடித்தால் அது மாவாக உதிரும், நனைந்த சுவரிலோ காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக உட்கொண்டு கல்லாக இறுகும். இறுகிய பின்னும் அதில் எண்ணற்ற நுண்துளைகள் இருப்பதால் சுவருக்குள் இருக்கும் நீர் தடையின்றி ஆவியாகி வெளியேறும். கைப்பழக்கம் இல்லாதவர் திட்டுத்திட்டாக அடித்தாலும் குற்றமில்லை; அடுத்த போகிக்கு அதன்மேலேயே இன்னொரு பூச்சு. செஞ்சிக் கோட்டைக் கல்யாண மகால் போன்ற பழங்கட்டடங்களின் சுண்ணாம்புச் சாந்து எத்தனையோ பருவமழைகளை வாங்கி ஆவியாக வெளியே விட்டிருப்பதும் இந்தச் சுபாவத்தாலேயே.

இனிப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். இந்த ஜில்லாவின் வருஷாந்தர மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அதையடுத்து மார்கழிப் பனி. ஆகவே பொங்கலுக்கு முந்திய வாரங்களில் நம் சுவர்கள் வருஷத்திலேயே அதிகமான ஈரத்தைக் குடித்து நிற்கின்றன. சுண்ணாம்புக்கு அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை; இன்றைய அக்ரிலிக் எமல்ஷனுக்கு அதைவிடப் பாதகமான காலமும் இல்லை. பாட்டனாரின் மாதத்தை வைத்துக்கொண்டு அவருடைய சரக்கை மாற்றிவிட்டோம். 2024 நவம்பர் 30ஆம் தேதி கரையேறிய ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழையைக் கொட்டித் தீர்த்ததே, அதற்கு ஆறு வாரம் கழித்து வந்த பொங்கலுக்கும் வீடுகள் பளபளத்தன! அடிமட்டத்திலிருந்து ஓதம் ஏறிக்கொண்டிருந்த சுவர்களின்மேல் அந்த வர்ணம் எதை நம்பி ஏறியது?

எமல்ஷன் உலரும்போது அதிலுள்ள பசைத்துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாகின்றன. உள்ளே அகப்பட்ட நீர் வெயில் ஏற ஏற வெளியே வர முயல்கிறது. வரும்போது செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. உப்பளங்கள் விரிந்துகிடக்கும் மரக்காணத்துப் பக்கம் உவர்ப்பான போர்த் தண்ணீரிலேயே கலவை குழைத்துக் கட்டிய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். படலத்தின் பின்புறம் வந்து சேர்ந்த உப்பு அங்கேயே படிகமாகி, பெயிண்டை அப்பளம்போல் பொரியச் செய்து பெயர்க்கிறது. சில இடங்களில் சிமெண்டுப் பூச்சையும் உடன் கொண்டு விழுகிறது. வீட்டுக்காரரோ கம்பெனியின் சரக்கு சரியில்லை என்று தீர்மானித்து, அடுத்த மார்கழியில் இன்னும் விலை கூடிய டப்பாவை வாங்கி, பெயர்ந்த இடத்தில் பட்டி பார்த்து, அதே ஈரத்தின்மேல் மறுபடியும் பூசுகிறார்.

சுவரைப் பக்குவம் செய்துகொண்டு பூசினால் என்ன என்று கேட்கலாம். பேஷாகச் செய்யலாம். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பொள்ளலாக ஒலிக்கும் பூச்சைத் தட்டிப் பார்த்துக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். பூசியதை நன்றாக நீராற்றி, 28 நாளாவது விட்டுவைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலையிலும் குழாய் மூலையிலும் கசிவை அடைக்க வேண்டும். ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஓர் இரவு விட்டு, காலையில் உட்புறம் வியர்த்திருந்தால் வேலையைத் தள்ளிப்போட வேண்டும். இதற்கெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கூலி மிச்சப்படுத்த ஞாயிற்றுக்கிழமையை நம்பியவருக்கு இருப்பதோ இரண்டு ஞாயிறு. முதலில் கைவிடப்படுவது கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைகள்தாம். கூலிக்காரரும் கைவிடுவதுண்டே என்பார்கள். உண்டு, ஆனால் அவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார். தாமே மேஸ்திரியாகவும் தாமே எஜமானராகவும் ஆகிவிட்டவரை யார் கேட்பது? பாலிதீன் தாளை ஒட்டிப் பார்த்துவிட்டுப் பொங்கலைப் பழைய சுவரோடு கொண்டாடிய ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

மூச்சுவிடும் வர்ணங்கள் வந்துவிட்டனவே என்று கடைசியாக ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. ஒரு பூச்சு மூச்சுவிடலாம்; வருஷந்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய நாலைந்து பூச்சும் அப்படியே விடுமென்று நான் நம்பத் தயாராக இல்லை. மாசியிலோ பங்குனியிலோ, சுவர் காய்ந்து, சித்திரை வெயில் கொளுத்தத் தொடங்குமுன் பூசுங்கள் என்றால், பண்டிகைக்கு வீடு வெளுப்பாக இராதே என்கிறார்கள். வர்ணமே காணாத சிமெண்டுச் சுவரானால், நனைத்துச் சுண்ணாம்போ, நம் ஊரார் ஸ்நோசெம் என்று வழங்கும் சிமெண்டு வர்ணமோ அடித்துக்கொள்ளலாமே என்பது என் பதில். ஆனால் எமல்ஷன் ஒருமுறை ஏறிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அத்தனையையும் சுரண்டியெடுத்தாலன்றி அந்த வழிக்குத் திரும்ப முடியாது. கழியைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் உற்சாகமாக இறங்குகிறவர், அந்தச் சுவரில் இனி எது ஒட்டும், எது ஒட்டாது என்பதைத் தம் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தீர்மானித்துவிடுகிறார்.