இறங்கியதும் ஓடும் கால்கள்

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் அயர்ன்மேன் போட்டி 1978-இல் ஹவாயில் 15 பேருடன் தொடங்கியது. அலுவலகமும் குடும்பமும் உள்ள எனக்கு அதற்கான பயிற்சிக்கு வாய்த்த நேரம், விடியலுக்கு முந்தியதுதான்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு கிளம்பினால், திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி வழியாகக் கல்லணைச் சாலை. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவே வாழைத்தோட்டங்கள். மேடு கிடையாது, காற்றுதான் அங்கே ஏற்றம். ஆடியில் மேல்காற்று முதுகைத் தள்ளிக் கல்லணையில் கொண்டுபோய் விடும். திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும்.

நான் உயிராக ரசிப்பது அதற்குப் பிந்தைய பத்து நிமிடம். சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓட வேண்டும். 'பிரிக்' என்பார்கள், பெயருக்கேற்பக் கால்கள் செங்கல்லாய்க் கனக்கும். இவ்வளவு நேரம் வட்டமாகச் சுழன்ற தொடைக்குத் தரை மறந்துபோயிருக்கும். ஜம்புகேஸ்வரர் கோயிலின் ஐந்தாம் மதிலை ஒட்டி ஓட ஓட, ஒவ்வோர் அடியாக நினைவு திரும்பும். திருநீற்றான் மதில் அது. கட்டியவர்களுக்குச் சிவனே வந்து திருநீற்றைக் கூலியாகத் தந்தாராம். அவரவர் உழைப்புக்கேற்ப அது பொன்னானதாம். அந்தக் கதை நினைவுக்கு வரும் இடத்தில்தான் மூச்சும் சீராகிறது.

ஆறரைக்கு வீடு. மகளுக்குத் தலைவாரிப் பின்னல் போடுவது என் வேலை. அடுப்படியிலிருந்து மனைவியின் குரல்: "ஞாயித்துக்கிழமை தூரமாப் போறீங்கல்ல? பத்து மணிக்குள்ள வந்துடுங்க, அத்தையைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்."