அசா கிரேயின் ‘டார்வினியானா’: இரு வாதங்கள்

ஹார்வர்டு தாவரவியல் அறிஞர் அசா கிரே 1876இல் வெளியிட்ட ‘டார்வினியானா’ என்னும் கட்டுரைத் தொகுப்பு, கிறித்தவ நம்பிக்கையும் பரிணாமக் கொள்கையும் முரண்பட வேண்டியதில்லை என வாதிடுகிறது. இதனுள் இரு வாதங்கள் பிணைந்துள்ளன. அவற்றைப் பிரித்தே மதிப்பிடுதல் வேண்டும்.

உயிரினங்கள் இயற்கைக் காரணங்களால் தோன்றின என்பதனாலேயே இறைநோக்கம் இல்லை என்றாகாது என்பது முதல் வாதம். மாறுபாடுகளின் காரணம் அறியப்படாமையின், அவை பயன்தரும் திசைகளில் நடத்தப்பட்டன எனக் கொள்ளலாம் என்பது இரண்டாவது.

இரண்டாவதை டார்வின் 1868இல் மறுத்தார். மலைச்சரிவில் உடைந்து வீழ்ந்த கற்களால் ஒருவர் வீடு கட்டலாம். ஆயினும் அவ்வீட்டிற்காகவே கற்கள் அவ்வடிவில் உடைந்தன எனல் பொருந்தாது என்பது அவர் காட்டிய உவமை. 1943இல் லூரியாவும் டெல்புரூக்கும் பாக்டீரியாக்களில் நிகழ்த்திய ஆய்வு, வைரசை எதிர்க்கும் திறன்தரும் மரபுமாற்றம் அவ்வைரசைச் சந்திக்கும் முன்னரே தோன்றுவதைக் காட்டியது.

அறியாமையை ஊன்றுகோலாகக் கொண்ட வாதம் அறிவு வளருந்தோறும் தளர்கிறது. முதல் வாதமோ எந்த ஆய்வு முடிவையும் சார்ந்திராமையின் நிலைபெறுகிறது. எனினும் அது நம்பிக்கைக்கு இடமளிக்கிறதேயன்றிச் சான்றளிப்பதில்லை. கிரேயை இசைவுக்குச் சான்றாகக் காட்டும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளல் இன்றியமையாதது.