பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் நம் பார்வையும்

கெடா மாநிலம் மெர்போக்கில் 1980-இல் திறக்கப்பெற்ற தொல்பொருள் அருங்காட்சியகத்திற்குப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் தமிழர் பேருந்தமர்த்திச் செல்வதுண்டு. கடாரம் என்னும் பெயரைப் பெருமையுடன் சொல்லுகிறோம். ஆயின் அங்குள்ள பொருட்களைப் படிக்கக் கற்றோமா என்பது ஐயமே.

அங்கு மலைச்சரிவில் நிற்கும் புக்கிட் பத்து பாகாட் சண்டி, அலஸ்டர் லேம்ப் 1959-60 ஆண்டுகளில் அகழ்ந்து சீரமைத்தது. தன் இடத்திலேயே உள்ளது. வளாகத்திலுள்ள பெண்டியாட், பெங்காலான் பூஜாங் சண்டிகளோ வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து மீண்டும் அடுக்கப்பட்டவை. இவ்வேறுபாட்டை அறியாதார் அனைத்தும் ஒரே கோயிலின் பகுதிகள் என்றே எண்ணித் திரும்புவர். இது சிறு பிழையன்று. எந்த ஆற்றை, எந்தத் துறையை நோக்கி அவை எழுந்தன என்னும் வரலாறே மறைந்துவிடுகிறது.

புக்கிட் பத்து பாகாட்டில் கிடைத்த கற்பேழைகளையும் கருதலாம். பெயரும் காலமும் மட்டும் கூறும் குறிப்பட்டை அவற்றுக்குப் போதாது. கோயில் எழுப்புங்கால் அடியில் பொன்னும் மணியும் இடும் கர்ப்பநியாசத்தை அறிந்த நம்மவர்க்கு அப்பேழையின் பயனை ஒரே வரியில் உணர்த்திவிடலாம். (செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டைக் காணவோ கொல்கத்தாவுக்கே செல்லவேண்டும்.)

சுங்கை பத்துவிலிருந்த 11-ஆம் எண் சண்டி 2013-இல் வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்டது. அரசிதழில் அது பதிவுபெறாதிருந்தது உண்மையே. ஆயினும் இடித்தபின் வருந்திய நம்முள், இடிக்குமுன் அதனைக் கண்டவர் எத்துணையர்? அருங்காட்சியகம் சுவருக்குள் உள்ளவற்றை மட்டுமன்றி, வெளியே வயலிலும் தோட்டத்திலும் எஞ்சியவற்றையும் சுட்டிக்காட்டல் வேண்டும். சண்டிகள் முன்பு நின்ற இடங்களைக் குறித்த நிலப்படத்துடன் தமிழில் ஒரு கையேட்டை நம் துறை மாணவர் எழுதின், பயணிகள் பேருந்திலேயே அதனைப் படித்துச் செல்வர்.