அருவிக்கு முன்னால் மடு

மழை விட்ட மறுநாள் காலையில், கும்மிடிப்பூண்டியிலிருந்து மாதர்பாக்கம் போகும் சாலையில் நின்று மேற்கே பாருங்கள். ஏரிக்கரைப் பனைகளுக்குப் பின்னால் ஒரு நீலக் கோடு தெரியும். மேகம் என்று நினைத்து நம்மில் பலர் கடந்துபோகிறோம். அது மலை. ஆந்திர எல்லைக்கு அப்பால் கம்பாக்கம், நாகலாபுரம் மலைகள் அங்கே தொடங்குகின்றன. இந்தச் சமவெளியில் இருக்கும் நமக்கு மிகப் பக்கத்து மலையோடைகள் அங்கேதான் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இளைஞர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஜி.என்.டி. சாலையில் ஆரம்பாக்கம் தாண்டி, தடாவில் மேற்கே திரும்பி, வரதய்யபாளையம் வழியாக உப்பலமடுகு போகிறார்கள். நாம் ‘தடா ஃபால்ஸ்’ என்று சொல்வது அதைத்தான். காட்டுக்குள் நுழைந்ததும் எதிரே வருகிறவரிடம் கேட்கும் முதல் கேள்வி, “ஃபால்ஸ் இன்னும் எவ்வளவு தூரம் அண்ணா?” நானும் முதல் முறை அப்படித்தான் போனேன். வேர்க்க விறுவிறுக்க நடந்து, குளித்து, படமெடுத்துத் திரும்பினேன். அன்று இரவு வீட்டில், “என்ன பார்த்தே?” என்று கேட்டதற்கு, “மேலேயிருந்து தண்ணி விழுது” என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்தடுத்துப் போனபோதுதான் புரிந்தது. அருவி என்பது ஓடையின் நீண்ட வேலையில் ஒரு படி. அந்த வேலை முழுவதும் நாம் அவசரமாகக் கடக்கும் வழியில்தான் கிடக்கிறது.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

உப்பலமடுகு என்ற பெயரில் அருவி இல்லை. தெலுங்கில் ‘மடுகு’ என்றால் நம் மடுதான், ஆற்றில் தண்ணீர் ஆழமாகத் தேங்கும் இடம். இந்தக் காட்டுப் பகுதிக்கு சித்துலய்ய கோன என்று பெயர். ‘கோன’ என்றால் மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கு. கைலாசகோன, தலகோன என்று இந்த வட்டாரம் முழுக்க இப்படித்தான். இங்கே வாழ்ந்தவர்கள் பள்ளத்தாக்கையும் மடுவையும் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாமும் அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

எப்போது போவது

இது வடகிழக்குப் பருவமழையின் நிலம். அக்டோபர், நவம்பரில் ஓடை வெறியோடு ஓடும், அப்போது போகக்கூடாது. மழை ஓய்ந்து தண்ணீர் தெளியும் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். கோடையில் ஓடை நூலாக இளைத்துவிடும், ஆனால் பாறையின் எலும்பைப் பார்க்க அதுவே ஏற்ற சமயம். காட்டுக்குள் போக அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் அந்தந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் நுழைந்து, வெயில் சாயும் முன் திரும்பிவிட வேண்டும்.

மடுவைப் படிப்பது

முதலில் காது. ஓடையோரம் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். சலசலவென்று சத்தம் வரும் இடம் ஆழமில்லாதது. தண்ணீர் கற்களில் மோதிப் பேசுகிறது. சத்தம் அடங்கும் இடத்தில் ஆழம் இருக்கிறது. பிறகு நிறம். அடியில் கல் தெரிந்தால் பழுப்பு, கொஞ்சம் ஆழமானால் பச்சை, இன்னும் ஆழமானால் கருமை. இதைப் படிக்கத் தெரிந்தவர் மடுவின் அழகை ரசிப்பார், அதில் குதிக்கவும் மாட்டார். இந்த மலை மடுக்களில் இளம்பிள்ளைகள் பலர் மூழ்கிப்போயிருக்கிறார்கள். அமைதியான தண்ணீரின் அடியில் பாறை விளிம்பு இருப்பது மேலிருந்து தெரியாது.

காலை நீட்டி ஓரமாக உட்கார்ந்தால் சின்ன மீன்கள் வந்து கொத்தும். கொஞ்சம் அசையாமல் இருந்தால் சாம்பல் வாலாட்டி கல்லுக்குக் கல் தாவி, வாலை ஆட்டிக்கொண்டே பூச்சி பிடிப்பதைப் பார்க்கலாம். வடக்கிலிருந்து பனிக்காலத்துக்கு நம் மலையோடைகளைத் தேடி வரும் விருந்தாளி அது.

கல்லைக் கையில் எடுங்கள்

கீழே ஓடையின் தொடக்கத்தில் ஒரு கல்லை எடுத்துத் தடவுங்கள். உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். அரை மணி நேரம் நடந்து இன்னொன்றை எடுங்கள். மூலைகள் மழுங்கியிருக்கும், அவ்வளவுதான். பாறைச் சரிவுக்குப் பக்கத்தில் கிடப்பது கையை அறுக்கும். மேலே போகப்போகக் கல்லின் வயது குறைகிறது என்று சொல்லலாம். அதாவது, அது தண்ணீரோடு பயணம் செய்த வயது.

பாறையின் சொந்த வயது வேறு. நாகலாபுரம், நகரி மலைகளின் கடினமான பாறைக்கு குவார்ட்சைட் என்று பெயர். 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அது நீர்ப்பரப்பின் ஓர மணல். மணல் இறுகி, அழுந்திப் பாறையானது. சில பலகைப் பாறைகளில் பழவேற்காட்டுக் கரை மணலில் அலை போடும் வரிகளைப் போலவே வரிகள் இருக்கும். குனிந்து தேடுங்கள். கிடைத்தால் அதன் மேல் கைவைத்து ஒரு நிமிடம் இருங்கள். பிறகு எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

அருவியின் முன்

இப்போது அருவி. எல்லோரும் தண்ணீர் விழும் இடத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் பக்கவாட்டுப் பாறையைப் பாருங்கள். செங்கல் அடுக்கியதுபோல் படுக்கையாகவும் நெட்டாகவும் வெடிப்புகள் தெரியும். தண்ணீர் அந்த வெடிப்பில் நுழைந்து, பலவீனமான அடுக்கை அரித்து, மேலடுக்கைத் தாங்க ஆளில்லாமல் செய்கிறது. ஒருநாள் பலகை உடைந்து விழுகிறது. அருவி ஒரு அடி பின்வாங்குகிறது. அப்படிப் பின்வாங்கிய வழிதான் நீங்கள் நடந்துவந்த இடுக்கு. பாறையில் குடம் புதைத்ததுபோல் வட்டக்குழி இருந்தால் உள்ளே பாருங்கள். சுழலில் சிக்கிய கற்கள் சுற்றிச் சுற்றிக் குடைந்தது அது.

இவ்வளவையும் இந்தச் சன்னத் தண்ணீரா செய்தது என்று தோன்றும். தலைக்கு மேலே பாருங்கள். ஓரத்து நீர்மருதின் கிளையில், உங்கள் உயரத்துக்கும் மேலே, சருகும் சுள்ளியும் சிக்கிக் காய்ந்திருக்கும். வெள்ளம் நின்ற உயரம் அது. ஆண்டில் சில நாள் வெள்ளம் செய்யும் வேலையின் மிச்சத்தைத்தான் மற்ற நாட்களில் நாம் பார்க்கிறோம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகு மிதந்துவந்தால், மேலே மழை பெய்கிறது என்று பொருள். வானம் வெளுத்திருந்தாலும் உடனே கரையேறிவிடுங்கள்.

திரும்பிய பிறகு

கல்லின் பயணம் மலையடிவாரத்தில் முடிவதில்லை. பழங்கால ஆறுகள் உருட்டிவந்து குவித்த குவார்ட்சைட் கூழாங்கற்கள் நம் திருவள்ளூர் மாவட்டத்து அல்லிக்குழி மலையில் படுகை படுகையாக இருக்கின்றன. அந்தக் கல்லைத்தான் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் ஆதிமனிதர்கள் கைக்கோடரியாகச் செதுக்கினார்கள். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் நிறுவினர். பூண்டி அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட கருவிகளைப் பார்க்கலாம். ஓடையில் கல்லைத் தடவிய கை உங்களுடையது என்றால், கண்ணாடிக்குள் இருக்கும் கோடரியின் கனம் தானாகவே தெரியும்.

அடுத்த ஐப்பசியில் ஆரணியாற்றின் பிச்சாட்டூர் அணை திறந்த செய்தி வரும். ஊத்துக்கோட்டையிலும் பொன்னேரியிலும் ஆறு செம்பழுப்பாகப் புரண்டு பழவேற்காட்டுக்குப் போகும். பாலத்தில் பத்திரமாக நின்று பாருங்கள். அந்தக் கலங்கலில் இருப்பது மலையின் துகள். எந்தக் கிளையில் இப்போது சருகு சிக்கிக்கொண்டிருக்கும், எந்தக் கல் இன்று ஒரு முழம் உருண்டிருக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றினால், நீங்கள் அருவியைப் பார்த்துவிட்டீர்கள்.